57 ஆண்டுகள் பூட்டிக் கிடந்த நாவல்

ஆங்கில இலக்கியம் பயின்றோர் ஈ. எம். ஃபார்ஸ்டர் என்னும் பெயரை நன்கு அறிவர். ஆங்கிலேயரும் இந்தியரும் நண்பர்களாக இருத்தல் கூடுமா என்ற கேள்வியை எழுப்பிய 'எ பாசேஜ் டு இந்தியா' என்னும் அவரது நாவல் 1924ஆம் ஆண்டில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 45. அதன் பின்னர் அவர் மேலும் 46 ஆண்டுகள் வாழ்ந்தார். கட்டுரைகள் எழுதினார், வானொலியில் பேசினார், வாழ்க்கை வரலாறுகள் படைத்தார். ஆனால், மற்றொரு நாவல் அவர் பெயரில் வரவில்லை. புகழின் உச்சியில் நின்ற எழுத்தாளர் ஒருவர் ஏன் எழுதுகோலை மடக்கி வைத்தார் என்று திறனாய்வாளர் பலரும் வியந்தனர்.

விடை அவருடைய மேசையிலேயே இருந்தது. 1914ஆம் ஆண்டிலேயே எழுதி முடித்த 'மாரிஸ்' என்னும் நாவல், தட்டச்சுப் பிரதியாக, நம்பிக்கைக்குரிய நண்பர் சிலரிடம் மட்டும் கைமாறி வந்தது. 1970ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் ஃபார்ஸ்டர் மறைந்தார். அதற்கு அடுத்த ஆண்டில்தான் அந்நூல் அச்சேறியது. ஓர் ஆண் மற்றோர் ஆணிடம் கொண்ட காதலைச் சொல்லும் கதை அது. எழுதியவரும் அத்தகைய இயல்பு உடையவர். அறிந்த வாழ்க்கையை அறிந்தவாறே எழுதிய குற்றத்துக்காக அந்நூல் 57 ஆண்டுகள் இருளில் இருந்தது.

சட்டம் எழுதிய வாசகம்

இதன் காரணத்தை அறிய 1885ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். சிறுமியரைத் தீயோரிடமிருந்து காக்கும் நோக்குடன் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் குற்றவியல் சட்டத் திருத்தம் ஒன்று விவாதிக்கப்பட்டது. பெண்கள் இசைவு தருவதற்குரிய வயதை 13இலிருந்து 16ஆக உயர்த்தியது அச்சட்டமே. விவாதத்தின் இறுதிக் கட்டத்தில், ஓர் இரவு, ஹென்றி லபுஷேர் என்னும் உறுப்பினர் அதனோடு தொடர்பில்லாத ஒரு பிரிவைச் சேர்த்தார். பொது இடத்திலாயினும் தனி இடத்திலாயினும், ஆண்கள் இருவர் ஒழுக்கக்கேடாக நடந்தால் 2 ஆண்டு வரை சிறை என்பது அதன் பொருள். எது ஒழுக்கக்கேடு என்ற விளக்கம் அதில் இல்லை. ஆகவே மூடிய கதவுக்குள் நிகழ்ந்ததும், நிகழ்ந்ததாகப் பிறர் சொன்னதும் குற்றமாயின. மிரட்டிப் பணம் பறிப்போருக்கு வழங்கிய உரிமைச் சாசனம் என்றே அப்பிரிவு பின்னாளில் பெயர் பெற்றது.

10 ஆண்டுகள் கழித்து, 1895இல், புகழ்பெற்ற நாடகாசிரியர் ஆஸ்கார் வைல்டு இப்பிரிவின் கீழ் 2 ஆண்டுக் கடுங்காவல் பெற்றார். அவ்வழக்குக்கு முன்னோடியாக நடந்த அவதூறு வழக்கில், வைல்டு எழுதிய 'டோரியன் கிரேயின் ஓவியம்' என்னும் நாவலின் பகுதிகள் நீதிமன்றத்தில் படிக்கப்பெற்றன. கற்பனைக் கதையின் வரிகளைக் கொண்டு ஆசிரியரையே குறுக்கு விசாரணை செய்தனர். அதுமுதல் எழுத்தாளர்க்கு ஒன்று தெளிவாயிற்று. இப்பொருளை எழுதினால் கதையே தம்மேல் சாட்சி சொல்லக்கூடும். வைல்டு சிறை சென்றபோது ஃபார்ஸ்டருக்கு வயது 16.

தந்தையை இரண்டு வயது ஆகும் முன்னரே இழந்த ஃபார்ஸ்டர், தாயால் வளர்க்கப்பெற்றவர். பெரிய அத்தை முறையினரான மேரியான் தார்ன்டன் விட்டுச் சென்ற 8,000 பவுன் அவரது கல்விக்கும் எழுத்துப் பணிக்கும் துணை நின்றது. 1897இல் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1905க்கும் 1910க்கும் இடையில் 4 நாவல்கள் வெளியிட்டுப் பெயர் பெற்றார். அவை யாவும் ஆண் பெண் காதலையும் திருமணத்தையும் சுற்றி அமைந்தவை. தாம் எழுத இசைவு பெற்ற ஒரே பொருளாகிய ஆண் பெண் காதல் தமக்குச் சலித்துவிட்டது என்று 1911ஆம் ஆண்டு நாட்குறிப்பில் அவர் எழுதி வைத்தார். தாம் அறியாத உணர்ச்சியை அறிந்தவர்போல் எழுதுவது எத்தனை நாளைக்கு இயலும்?

மில்தார்ப் வீடு

அச்சலிப்பை நீக்கியது ஒரு வீடு. டார்பிஷயர் மாநிலத்தில் மில்தார்ப் என்னும் சிற்றூரில் எட்வர்டு கார்பென்டர் என்னும் எழுத்தாளர் வாழ்ந்து வந்தார். முன்னாளில் கேம்பிரிட்ஜில் பணியாற்றியவர். பாதிரியாராக இருந்து, அப்பணியைத் துறந்து, சமதர்மக் கொள்கையைத் தழுவிக் காய்கறித் தோட்டம் போட்டவர். தமிழரோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. கேம்பிரிட்ஜில் தமக்கு நண்பரான பொன்னம்பலம் அருணாசலத்தைக் காண இலங்கைக்கு வந்தார். அவர் வழியாகத் தமிழ் ஞானி ஒருவரிடம் சில வாரங்கள் பாடம் கேட்டார். அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1892இல் வெளிவந்தது.

இக்கார்பென்டர், ஷெபீல்டு நகரின் ஏழைக் குடியிற் பிறந்த ஜார்ஜ் மெரில் என்பவரோடு 1898 முதல் ஒரே வீட்டில் வாழ்ந்தார். ஆணை ஆண் விரும்புதல் நோயன்று, பாவமன்று, மனித இயல்பின் ஒரு வகை என்று நூல்களும் எழுதினார். சட்டம் கண்விழித்திருந்த நாட்டில், இருவர் அச்சமின்றிக் குடித்தனம் நடத்திய அவ்வீட்டைக் காண 1913ஆம் ஆண்டு ஃபார்ஸ்டர் சென்றார். அங்கே மெரில் அவரைத் தோழமையோடு இடுப்பின் கீழ்ப்புறத்தில் தொட்டார். அத்தொடுகை தம் சிந்தனையைக் கடந்து நேரே கற்பனைக்குள் சென்றதாகவும், அக்கணத்தில் நாவல் முழுமையும் உருவானதாகவும் ஃபார்ஸ்டர் பிற்காலத்தில் குறித்துள்ளார். தாயார் மருத்துவத்துக்காகத் தங்கியிருந்த ஹாரோகேட் நகருக்குத் திரும்பியதும் எழுதத் தொடங்கினார். அடுத்த ஆண்டே முடித்தார்.

மணலில் வரைந்த படம்

நாவலின் முதற்காட்சியில் ஓர் ஆசிரியர் வருகிறார். பள்ளியை விட்டுச் செல்லும் சிறுவன் மாரிஸ் ஹாலைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, தந்தையில்லாத அவனுக்கு இல்லற வாழ்வின் செய்திகளை விளக்குகிறார். கைத்தடியால் மணலில் படங்களும் வரைகிறார். சிறிது தொலைவு நடந்த பின்னர், அப்படங்களை அழிக்காமல் வந்துவிட்டோமே, அவ்வழியே வருவோர் பார்ப்பரே என்று நடுங்குகிறார். சற்று முன்னர்த் தூயது, புனிதமானது என்று புகழ்ந்த ஒன்றுக்காக அவர் நாணுவதைக் கண்ட சிறுவன், இவர் பொய்யர், கோழை, நமக்கு ஒன்றுமே சொல்லவில்லை என்று மனத்துள் முடிவு செய்கிறான்.

பின்னர் மாரிஸ் கேம்பிரிட்ஜுக்குச் செல்கிறான். கிரேக்க நூலை மாணவர் மொழிபெயர்க்கும் வகுப்பில், ஆண்களின் காதலைக் கூறும் பகுதி வந்ததும், அதை விட்டுவிட்டு மேலே படி என்கிறார் ஆசிரியர். விடப்பட்ட பகுதியைப் பற்றியே கிளைவ் டர்ஹாம் என்னும் மாணவன் மாரிஸோடு பேசுகிறான். இருவர்க்கும் காதல் அரும்புகிறது. உடல் தொடாத உயர்ந்த அன்பாகவே அது இருத்தல் வேண்டும் என்பது கிளைவின் கொள்கை. சில ஆண்டுகளுக்குப் பின், கிரேக்க நாட்டுப் பயணத்தின்போது, தன் மனம் பெண்களை நாடுவதாகக் கிளைவ் உணர்கிறான், மணம் புரிகிறான், அரசியலில் இறங்குகிறான்.

தனித்து விடப்பட்ட மாரிஸ் மருத்துவரை நாடுகிறான். குடும்ப மருத்துவர், அப்படி ஒன்று உனக்கு இருக்கவே முடியாது என்று பேச்சை முடித்துவிடுகிறார். மனவசிய மருத்துவரோ முயன்று பார்த்துத் தோற்று, இதைக் குற்றமாகக் கருதாத பிரான்சு, இத்தாலி போன்ற நாட்டுக்குச் சென்று வாழ்க என்று அறிவுரை கூறுகிறார். அந்நிலையில் கிளைவின் பண்ணையில் வேட்டைப் பறவைகளைக் காக்கும் காவலாளாகிய அலெக் ஸ்கட்டர் அவன் வாழ்வில் வருகிறான். இருவரும் ஒருவரையொருவர் ஐயுறுகின்றனர். மிரட்டிப் பணம் பறிக்க வந்தவனோ என மாரிஸ் அஞ்சுகிறான். செல்வன் தன்னை ஏமாற்றிவிடுவானோ என அலெக் அஞ்சுகிறான். இறுதியில், அர்ஜென்டினாவுக்குப் புறப்படவிருந்த அலெக் கப்பலேறாமல் தங்கிவிடுகிறான். பதவி, குடும்பம், வகுப்பு அனைத்தையும் விட்டு இருவரும் ஒன்றாக வாழச் செல்கின்றனர்.

வாழ்ந்ததும் விரும்பியதும்

தம் அனுபவத்திலிருந்து எழுதினார் என்று இத்தகைய நூல்களைப் பற்றிக் கூறுவது எளிது. 'மாரிஸ்' நூலில் அக்கூற்றைச் சற்று நுணுகிப் பார்த்தல் வேண்டும். கேம்பிரிட்ஜ் பகுதி ஃபார்ஸ்டர் வாழ்ந்தது. கிளைவின் பாத்திரத்துக்கு அவருடைய கல்லூரித் தோழர் ஹியூ மெரிடித் மூலமாக இருந்தார் என்பது வாழ்க்கை வரலாற்றாசிரியர் கருத்து. ஆனால், அலெக்கோடு மாரிஸ் அடையும் முழுமையான உறவு 1913இல் ஃபார்ஸ்டருக்கு வாய்க்கவில்லை. வயது 34 ஆகியும் அவர் தனியராகவே இருந்தார். எனவே நூலின் முற்பகுதி வாழ்ந்த வாழ்க்கை; பிற்பகுதி வாழ விரும்பிய வாழ்க்கை. மில்தார்ப்பில் இருவர் வாழ்வதைக் கண்ணால் கண்டதே அவ்விருப்பத்துக்கு ஆதாரம்.

எழுதியதை வாழ்க்கை பின்தொடர்ந்து வந்தது. முதல் உலகப் போரில் செஞ்சிலுவைச் சங்கப் பணிக்காக 1915இல் எகிப்தின் அலெக்சாண்டிரியா நகருக்குச் சென்ற ஃபார்ஸ்டர், அங்கு முகமது எல் அட்ல் என்னும் டிராம் கண்டக்டரை நேசித்தார். ஆளும் இனத்தவர் ஒருவரும் ஆளப்படும் இனத்தவர் ஒருவரும் கொண்ட நட்பு அது. எல் அட்ல் 1922இல் காசநோயால் இறந்தார். அதன் பின்னரும் ஃபார்ஸ்டர் ஒரு குறிப்பேட்டில் அவருக்கே கடிதம் எழுதுவதுபோல் சில ஆண்டுகள் எழுதி வந்தார். 1930 முதல், பாப் பக்கிங்காம் என்னும் போலீஸ்காரரோடு ஏற்பட்ட அன்பு இறுதிவரை நீடித்தது. பக்கிங்காம் மணம் புரிந்தார். அவர் மனைவியும் ஃபார்ஸ்டருக்கு உற்ற தோழியானார். அவர்கள் இல்லத்திலேயே ஃபார்ஸ்டரின் உயிர் பிரிந்தது.

இத்தனை ஆண்டுகளிலும் அவர் நாவலைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1959 வரையிலும் கைவைத்தார். அலெக் வரும் பகுதிகள் விரிவு பெற்றன. விருப்பத்தால் எழுதியதை அனுபவத்தால் சரிபார்த்தார் எனலாம். மாரிஸும் அலெக்கும் மரம் வெட்டிகளாக வாழ்வதை மாரிஸின் தங்கை காண்பதாக முதலில் ஒரு முடிவுரை இருந்தது. கதை நிகழ்வது 1912 அளவில். சில ஆண்டுகள் தள்ளினால் போர் வந்துவிடும் என்பதால் அதை நீக்கினார்.

நண்பர்களுள்ளும் கருத்து வேறுபாடு இருந்தது. 1915இல் படித்த லிட்டன் ஸ்ட்ராச்சி, இவ்விருவர் உறவு ஆறு வாரம் தாங்கினால் பெரிது என்ற பொருள்பட எழுதினார். 1933இல் படித்த இளைஞர் கிறிஸ்டபர் இஷர்வுட்டோ, இருபது ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் இதைத் துணிந்து எழுதினாரே என்று நெகிழ்ந்தார். அதே இஷர்வுட் 1964இல், தோழனை இழந்த ஓர் ஆசிரியரின் ஒரு நாளைச் சித்திரிக்கும் 'எ சிங்கிள் மேன்' நாவலைத் தம் பெயரில் வெளிப்படையாக அச்சிட்டார். ஒரு தலைமுறைக்குள் நேர்ந்த மாறுதல் அது.

இரண்டு நீதிமன்றங்கள்

ஃபார்ஸ்டரின் அச்சம் வீண் அச்சமன்று. 1928ஆம் ஆண்டில் ராட்கிளிப் ஹால் என்னும் பெண் எழுத்தாளர், பெண்ணை நேசிக்கும் பெண்ணின் துயரத்தை 'தி வெல் ஆப் லோன்லினெஸ்' என்னும் நாவலாக எழுதினார். தம் இயல்பை மறைக்காமல் வாழ்ந்தவர் அவர். பெண்களின் அத்தகைய உறவு பிரிட்டனில் குற்றமாகவில்லை. அதைக் குற்றமாக்க 1921இல் நடந்த முயற்சி பிரபுக்கள் சபையில் தோல்வியுற்றது. ஆயினும், நூலின் மேல் ஆபாசக் குற்றம் சாட்டப்பட்டது. ஃபார்ஸ்டரும் வெர்ஜீனியா ஊல்ஃபும் நூலுக்கு ஆதரவாகப் பத்திரிகையில் கடிதம் வெளியிட்டனர். சாட்சி சொல்லவும் லண்டன் போ தெரு நீதிமன்றத்துக்கு வந்தனர். இலக்கிய மதிப்பைப் பற்றிய சாட்சியம் தேவையில்லை என்று நீதிபதி மறுத்துவிட்டார். நவம்பர் 16ஆம் நாள், பிரதிகளை அழிக்குமாறு தீர்ப்பு வந்தது. தம் நாவலைப் பூட்டி வைத்துவிட்டு, பிறர் நாவலைக் காக்க வந்தவர், வாய் திறக்கும் வாய்ப்பின்றித் திரும்பினார்.

அந்நூலில் ஆபாசமான சொல் ஒன்றும் இல்லை. அதன் நாயகி இன்பமும் அடைவதில்லை. அதற்கே அந்தத் தண்டனை எனில், இன்பமாக முடியும் 'மாரிஸ்' என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகித்தல் அரிதன்று.

மனிதர் மேலும் சட்டம் கை வைத்துக்கொண்டிருந்தது. ஃபார்ஸ்டர் பயின்ற அதே கிங்ஸ் கல்லூரியில் பயின்று, போர்க்காலத்தில் ஜெர்மானியரின் மறைமொழியை உடைத்த கணித மேதை ஆலன் டூரிங், 1952இல் அதே 1885ஆம் ஆண்டுப் பிரிவின் கீழ்த் தண்டனை பெற்றார். சிறைக்கு மாற்றாக ஊசி மருந்தை ஏற்றார், 1954இல் இறந்தார்.

1959இல் வந்த புதிய சட்டம், ஆபாச வழக்கில் இலக்கியச் சான்றோர் சாட்சி கூற இடம் தந்தது. 1960இல் டி. எச். லாரன்சின் 'லேடி சாட்டர்லியின் காதலன்' வழக்கு நடந்தபோது, 81 வயது ஃபார்ஸ்டர் கூண்டேறிச் சாட்சி கூறினார். 1928இல் கேட்க மறுத்த சொல்லை இம்முறை நீதிமன்றம் கேட்டது. நூல் விடுதலை பெற்றது. பண்ணைக் காவலாளைக் காதலிக்கும் சீமாட்டியின் கதை அது. பண்ணைக் காவலாளைக் காதலிக்கும் ஆணின் கதையோ, அதற்கு 14 ஆண்டுகள் முன்னரே எழுதப்பட்டும், சாட்சி சொன்னவர் வீட்டிலேயே கிடந்தது.

மன்னிக்கப்படாத முடிவு

அதே 1960ஆம் ஆண்டில் ஃபார்ஸ்டர் தம் நாவலுக்கு ஒரு பின்னுரை எழுதினார். கதையை இன்பமாக முடிப்பது என்பதில் தாம் முதலிலிருந்தே உறுதியாக இருந்ததாகவும், அதற்காகவே நூலை வெளியிடுவது கடினமாயிற்று என்றும் அதில் விளக்குகிறார். நாயகன் தூக்கிட்டு மாண்டிருந்தால் உலகம் ஏற்றிருக்கும். தண்டனை பெறாமல் தப்பியதைத்தான் உலகம் மன்னிக்காது என்பது அவர் கருத்து. இப்பொருளை எழுதிய பிறர் நாயகரைச் சாகவிட்டு நூலைக் காத்தனர். ஃபார்ஸ்டரோ நாயகரை வாழவிட்டு, நூலைக் காத்திருக்க வைத்தார். இதைவிட இனிய ஓர் ஆண்டுக்கு என்று அந்நாவலைக் காணிக்கையாக்கியிருந்தார்.

அந்த ஆண்டு மெல்ல நெருங்கியது. முன்னாள் பள்ளித் தலைமையாசிரியர் ஜான் உல்ஃபென்டன் தலைமையில் 1954இல் அமைந்த குழு, வயது வந்த ஆண்கள் இருவர் தனிமையில் இசைந்து கொள்ளும் உறவு குற்றமாகாது என 1957இல் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் இதை ஏற்காது, நீதிபதி ஆசனத்தில் கிளைவும் குற்றவாளிக் கூண்டில் அலெக்கும் தொடர்வர் என்று பின்னுரையில் ஃபார்ஸ்டர் வருந்தினார். அக்கணிப்பு பொய்த்தது. 1967ஆம் ஆண்டு ஜூலையில் இங்கிலாந்திலும் வேல்சிலும், 21 வயது நிறைந்தோருக்கு, சட்டம் மாறியது. அப்போது ஃபார்ஸ்டருக்கு வயது 88.

1971இல் வெளிவந்த நூலைத் திறனாய்வாளர் எல்லாரும் புகழ்ந்தனர் என்பதற்கில்லை. கிளைவின் மனமாற்றம் திடீரென நிகழ்கிறது என்பதும், பெண் பாத்திரங்கள் நிழல்களாகவே நிற்கின்றனர் என்பதும் நியாயமான குறைகளே. காலத்தில் பிந்தி வந்த நூல் என்றனர் சிலர். பிந்தியது யாரால் என்று அவர்கள் கேட்கவில்லை. 1914இல் வந்திருந்தால் முன்னோடி எனப் போற்றியிருக்கக்கூடிய நூலைக் காலங்கடந்தது எனக் குறைகூறும் நிலையை உண்டாக்கியது அச்சட்டமே. அமெரிக்கப் பதிப்பின் வருவாயை இஷர்வுட் ஒரு பரிசு நிதியாக்கினார். பிரிட்டிஷ், ஐரிஷ் இளம் எழுத்தாளர் அமெரிக்காவில் சில காலம் தங்க அது உதவி வருகிறது. 1987இல் ஜேம்ஸ் ஐவரி இயக்க, பம்பாயிற் பிறந்த இஸ்மாயில் மெர்ச்சன்ட் தயாரிப்பில் அக்கதை திரைப்படமும் ஆயிற்று.

அழியாத கோடுகள்

லபுஷேர் ஓரிரவில் சேர்த்த வாசகம் கடல் கடந்தும் சென்றது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டத்தில் 1938ஆம் ஆண்டு அது 377ஏ என்னும் பிரிவாகப் புகுந்தது. பிறந்த நாட்டில் 1967இல் திருத்தப்பட்ட பின்னரும் சிங்கப்பூரில் நிலைத்திருந்தது. 2022ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் சிங்கப்பூர் நாடாளுமன்றம் அதை நீக்க வாக்களித்தது. 2023 ஜனவரி 3ஆம் நாள் நீக்கம் நடைமுறைக்கு வந்தது. நாவல் வெளிவந்து அரை நூற்றாண்டுக்குப் பின்னரே, அதைப் பூட்டி வைத்த வாசகம் இம்மண்ணைவிட்டு அகன்றது.

சட்டம் மனிதரைச் சிறையிட்டதற்கு நீதிமன்ற ஏடுகளில் கணக்கு உண்டு. எழுதாமல் போன நூல்களுக்குக் கணக்கு இல்லை. 'எ பாசேஜ் டு இந்தியா' எழுதிய கை 46 ஆண்டுகளில் இன்னும் எத்தனை நாவல்கள் படைத்திருக்கும்? தம் நெஞ்சறிந்த பொருளில் எழுதியவற்றுள் பலவற்றை 1922இல் ஃபார்ஸ்டர் தாமே தீயிலிட்டார். எஞ்சிய சிறுகதைகள் 1972இல் தொகுப்பாக வந்தன. இலக்கியத்துக்கு நேர்ந்த இழப்பின் அளவு இதனால் ஒருவாறு புலப்படும்.

நாவலின் முதற்காட்சியில் வரும் ஆசிரியர் தீயவரல்லர். மாணவனிடம் அன்பு கொண்டே பேசினார். ஆயினும், பிறர் பார்ப்பரே என்ற அச்சத்தில், தாம் வரைந்ததையே மறுத்துவிட்டார். வகுப்பில் ஒரு பகுதியை விட்டுவிட்டு மேலே படி என்றவரும் கற்றறிந்தவரே. விடப்பட்ட அப்பகுதியைத்தான் ஒரு மாணவன் வாழ்நாள் முழுவதும் தேடி, நாவலாக எழுதி, தன் மேசைக்குள் வைத்துக் காத்தான். மணலில் வரைந்த கோடுகளை அலை அழித்துவிடும் என்று அந்த ஆசிரியர் ஆறுதல் கொள்கிறார். மேசைக்குள் இருந்த கோடுகளை 57 ஆண்டு அலைகளும் அழிக்கவில்லை.